சோளப்பயிருக்குப் பச்சை அமுக்கிய நாள்

புதிதாக வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு,

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்து கோணலாக இருக்கும். முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதிவிடுவேன், பாதியை மறந்தும் போவேன். பொறுத்துக்கிடணும். உங்கள் லீடர் என்னை நேரில் வந்து நாலு வார்த்தை பேசத்தான் சொன்னாள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தாரேன் தாயி, நீயே வாசிச்சுக் காட்டு என்று சொல்லிவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் ஜவுளிக்கடை மாடியில் இருக்கிற அந்த ரூமில்தான் நானும் இருந்தேன். காது மந்தமானதும் நின்றுவிட்டேன். காதை வைத்துச் செய்கிற வேலை, காது போனால் வேலையும் போச்சு. வருத்தமில்லை. அலுப்புத்தான். நாளெல்லாம் ஒரே குரலைக் கேட்கிற அலுப்பு என்னவென்று போகப் போக உங்களுக்கே தெரியும்.

முதல் நாளே உங்களுக்கு வெள்ளைப் பலகையில் மாடல், டேட்டா, ட்ரெயினிங், லேபிள் என்று எழுதிப் போட்டிருப்பார்கள். எழுதிக்கொள்வது லேசு. எனக்கு அதெல்லாம் புரிய ரொம்ப நாள் ஆனது. போனில் கேள்வி கேட்டால் பதில் சொல்லுகிறதே ஒரு குரல், அது எங்கேயோ பெரிய டவுனில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண் என்றுதான் முதலில் நினைத்தேன். பதில் சொல்லக் கொஞ்சம் தாமதமானால், பாவம், தண்ணி குடிக்கப் போயிருக்கும் என்று நினைப்பேன். ஒருநாள் வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். பக்கத்து நாற்காலியில் இருந்த வீரசோழன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாக.

"ஆமாமா, அவ தொண்ட காஞ்சு கெடக்கா. நாளைக்கு ஒரு தூக்குல மோரு கொண்டாந்து போனுக்குள்ள ஊத்து."

அக்காவுக்கு ஊர் வீரசோழன். பேரைச் சொல்ல வேண்டாம், அவுகளுக்குப் பிடிக்காது. என்னைவிட மூத்தவுக. அந்த ரூமில் எனக்கு வேலை சொல்லிக் கொடுத்தது அவுகதான், பாதி கேலியாலேயே சொல்லிக் கொடுத்தாக.

உள்ளே ஆள் கிடையாது என்று லீடர்தான் விளக்கினாள். இப்போது உங்களுக்கு லீடராக இருக்கிற அதே பாலவனத்தத்துப் பொண்ணுதான். கோடிக்கணக்கான பேர் எழுதினது, பேசினது எல்லாத்தையும் அதுக்குள்ளே ஓடவிட்டிருக்கிறார்கள். எந்த வார்த்தைக்குப் பின்னால் எந்த வார்த்தை வரும் என்று அதிலிருந்து அது பழகிக்கொண்டது. அப்படிப் பழக்குவதுதான் ட்ரெயினிங். பழகி முடித்து நிற்கிறதே, அதுதான் மாடல். நாம் கேட்கிற கேள்விக்கு, இதுக்கு அடுத்து என்ன வரும் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போகும்.

நான் எனக்குத் தெரிந்த வழியில் இதை விளங்கிக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒப்பாரிக்குக் கூட்டி வருகிற பொம்பளைகள் உண்டு. செத்தது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து முதல் வரியை எடுத்தால் அடுத்த வரி தானாக விழும், கேட்கிறவர்களுக்குக் கண்ணில் தண்ணி வந்துவிடும். செத்தவருக்கு மகனே இல்லாவிட்டாலும் "பெத்த மகன் நிக்கிறானே" என்று பாடிவிடுவார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று பாடுவதில்லை. அந்த இடத்தில் அந்த வரி வரும், அவ்வளவுதான்.

இந்த மெஷினும் அப்படிப் பாடும். வீரசோழனிலிருந்து காலையில் ஒரு ஊருக்கு எப்படிப் போவது என்று யாரோ கேட்டதுக்கு, நேராக ஒரு பஸ் இருக்கிறது என்று நேரத்தோடு சொன்னது. அப்படி ஒரு பஸ்ஸே கிடையாது. அக்கா ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏத்தா, நான் நாளைக்கு இந்த பஸ்ஸுலதான் ஏறப் போறேன். வாரீகளா? டிக்கெட்டு கெடயாது, டிரைவரும் கெடயாது" என்றாக. இதுக்கு ஹாலுசினேஷன் என்று பேர். வாயில் நுழையாவிட்டால் விடுங்கள். இல்லாததை இருக்கிற மாதிரியே சொல்வது என்று தெரிந்தால் போதும். தயங்காமல் சொல்லும், அதுதான் சிக்கல். தெரிந்ததைச் சொல்லும்போதும் தெரியாததைச் சொல்லும்போதும் குரல் ஒன்றாகவே இருக்கும்.

நம்முடைய வேலை உங்களுக்குத் தெரியும். ஒரு கேள்வியையும் மெஷின் சொன்ன பதிலையும் போடுவார்கள். கேட்டுவிட்டு, நல்ல பதில் என்றால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், தப்பு என்றால் சிவப்பு அமுக்க வேண்டும். அதுதான் லேபிள். ஒரே பதிலை மூன்று பேர் கேட்போம். மூன்றும் பச்சையாக இருந்தால் உறுதி என்று மேலே போய்விடும். அதை வைத்து மெஷினை மறுபடியும் பழக்குவார்கள். பச்சை விழுந்த மாதிரிப் பேச்சை அது கூடுதலாகப் பேசும், சிவப்பு விழுந்த மாதிரியைக் குறைத்துக்கொள்ளும்.

எங்கள் ரூமில் வீரசோழன் அக்காவைத் தவிர சிவப்பு அமுக்க யாருக்கும் கை வராது. ஒரு வீட்டில் சாப்பிடப் போனால் குழம்பில் உப்பு இல்லை என்று சொல்லுவோமா? நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுத்தானே எழுந்திரிக்கிறோம். அதே பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. "வணக்கம் அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது" என்று அது ஆரம்பித்தாலே பாதிப் பேருக்கு விரல் பச்சைக்குப் போய்விடும்.

"எங்க மாமியா இருந்தவரைக்கும் ஒருநாளும் என் கவலை புரியுதுன்னு சொன்னதில்ல பெரியம்மா. இதுக்குப் போயி எப்படிச் சிவப்புப் போட?" என்று மாரீஸ்வரி கேட்பாள்.

மாரீஸ்வரி எனக்கு இந்தப் பக்கத்து நாற்காலி. திருச்சுழி தாண்டி உள்ளே போகிற ஊர். மாமியார் இறந்துவிட்டார்கள். அவள் வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே திருப்பூர் போய் பனியன் கம்பெனியில் வளர்ந்தவர். அந்த வருஷம்தான் ஊருக்கே திரும்பி வந்து இரண்டு மாடு வாங்கியிருந்தார், கறக்கிற மாடு ஒன்று, தலைச்சன் சினையாக ஒன்று. இனிமேல் பால்மாடுதான் பிழைப்பு, திருப்பூருக்குப் போக மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லும்போது மாரீஸ்வரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தனை வருஷம் புருஷன் ஒரு ஊரிலும் அவள் ஒரு ஊரிலும் இருந்தவள். மாடு நின்றால் மனுசன் நிற்பார் என்பது அவள் கணக்கு.

அந்தக் கார்த்திகையில் மழை ஏமாற்றிவிட்டது. பொட்டலில் விதைத்த சோளம் முழங்கால் உயரத்தோடு நின்று, இலை சுருண்டு கிடந்தது.

அந்த நேரத்தில் ஒருநாள் எங்கள் மூன்று பேருக்கும் ஒரு கேள்வி வந்தது. "மாட்டுக்குச் சோளப்பயிரை அறுத்துப் போடலாமா?" மெஷின் சொன்னது: "தாராளமாகப் போடலாம் அம்மா. பசுந்தீவனம் மாட்டுக்கு நல்ல சத்து, பால் பெருகும்." நான் பச்சை அமுக்கினேன். மாரீஸ்வரி பச்சை. நெஞ்சில் ஈரமில்லாமல் சிவப்பு அமுக்குகிறவுக என்று நாங்கள் கேலி செய்கிற வீரசோழன் அக்காவும் பச்சைதான்.

எங்களுக்குத் தெரியாமல் இல்லை. மழை இல்லாமல் வாடின இளஞ்சோளத்தை மாடு தின்றால் செத்துப் போகும், ஆடும் செத்துப் போகும். அதில் விஷம் ஏறி நிற்கும். கரிசல் காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் எங்களுக்கு அது தோன்றவே இல்லை. சோளப்பயிர் என்றால் கதிர் வாங்கின பயிரைத்தான் சொல்லுது, வாடின பயிரை யார் போடப் போகிறார்கள் என்று எங்கள் மனசே அந்தப் பதிலில் இருந்த ஓட்டையை அடைத்துக்கொண்டது. அடைத்தது நாங்கள். மெஷினுக்குள் அந்த ஓட்டை அப்படியேதான் இருந்தது.

கொஞ்ச நாளில், மெஷினுக்கு ஒரு போன் நம்பர் கொடுத்து, சோதனைக்கு உங்கள் சொந்தக்காரர்களைக் கேட்கச் சொல்லுங்கள் என்றார்கள். எல்லோரும் வீட்டில் சொன்னோம்.

மத்தியானம் தூக்குச் சட்டியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாரீஸ்வரி பெருமையாகத்தான் சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரரும் காலையில நம்ம மெஷினுகிட்டப் பேசிருக்காக பெரியம்மா. சோளப்பயிரு போடலாமான்னு கேட்டாகளாம். தாராளமாப் போடுங்கன்னு சொல்லிருச்சாம். அறுக்கப் போறேன்னு சொன்னாக."

அக்காவுக்கு வாய்க்குப் போன சோறு நின்றது. "ஏடி, எந்தச் சோளம்?"

"காட்டுல நிக்கிதுல்ல, அந்த..."

சொல்லும்போதே அவளுக்கு விளங்கிவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காட்டுக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர். அழுதுகொண்டே பையை எடுத்து, நான் பஸ்ஸுக்குப் போறேன் என்று கிளம்பினாள். ஒரு பிள்ளை, நல்ல பிள்ளைதான், பதற்றத்தில், "அக்கா, மாடு தின்னுட்டா என்ன செய்யணும்னு மெஷினுகிட்டயே கேட்டுப் பாப்போமா?" என்றது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அது போனைக் கீழே வைத்துவிட்டது.

"பஸ்ஸுல போயி நீ எப்ப சேருவ? நில்லு. அழுகாம யோசி. உங்க ஊருல இப்ப நடமாடுற ஆளு யாரு? யாரு நம்பரு இருக்கு உன்கிட்ட?"

"தண்ணித் தொட்டி மோட்டாரு போடுறவரு நம்பரு இருக்கு. தண்ணி வரலைன்னா சண்டை போடுறதுக்கு வச்சிருக்கேன்."

"போடு அவருக்கு. இன்னைக்குச் சண்டை வேணாம்."

அவர் எடுத்தார். ஓடினார். லீடர் இன்னொரு போனில் மாட்டு டாக்டரைப் பிடித்துவிட்டாள். வேலை நேரத்தில் ஆளை வெளியே விட சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும். அவள் கேட்கவில்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். மாரீஸ்வரியோடு என்னைப் போகச் சொன்னார்கள். வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். நானும் ஆறுதல் என்று ஒன்றும் சொல்லவில்லை. வாயில் வந்த வார்த்தையெல்லாம் மெஷின் சொல்லுகிற மாதிரியே இருந்தது.

நாங்கள் போகும்போது கறவை மாடு வயிறு உப்பிக் கிடந்தது. முடிந்துவிட்டது. சினை மாட்டுக்கு டாக்டர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அது கால் நடுங்கி மூச்சு வாங்கி நின்றது, ஆனால் நின்றது. பால் கறக்கிற மாடாச்சே என்று கறவைக்கு அவள் வீட்டுக்காரர் சோளத்தை நிறையப் போட்டிருக்கிறார், சினை மாட்டுக்குக் கொஞ்சமாக. அதுதான் பிழைத்தது.

மாரீஸ்வரியின் வீட்டுக்காரர் தொழுவத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவள் போய்ப் பக்கத்தில் நின்றதும், "நீங்கதான் அதக் கேட்டு, சரியான்னு பாத்து அனுப்புறதுன்னு சொன்ன?" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள்.

"இல்லைன்னா நான் ஏன் கேக்குறேன்? எனக்கு அந்த மெஷினு யாரு? நீ உக்காந்திருக்க இடம்னுதான கேட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டு நிற்பது சுலபம். நான் ஒரு ஓரமாகப் போய் நின்றேன். மோட்டார் போடுகிறவர் எனக்கு ஒரு செம்பு தண்ணி கொடுத்தார்.

அடுத்த நாள் மாரீஸ்வரி வீட்டுக்காரர் மெஷினுக்குப் போன் போட்டுச் சொன்னாராம், நீ சொன்னதக் கேட்டு என் மாடு செத்துப்போச்சு என்று. அது மன்னிப்புக் கேட்டது. உங்கள் இழப்புக்கு மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இப்படி நேராது என்று அழகாகச் சொன்னதாம். மாரீஸ்வரி வீட்டிலிருந்து போனில் இதைச் சொன்னதும், வீரசோழன் அக்கா ரூமிலேயே அந்த நம்பருக்குப் போட்டு, அதே கேள்வியை அதே மாதிரிக் கேட்டாக. "தாராளமாகப் போடலாம் அம்மா" என்றது.

"பாவி, நேத்துத்தானடி அழுத!" என்றாக அக்கா.

பிள்ளைகளே, இந்த இடத்தை நிதானமாகக் கேளுங்கள். நாம் போனில் திட்டினாலும் அழுதாலும் அது அந்தப் பேச்சோடு முடிந்துவிடும். பழக்குகிற இடம் வேறு, பேசுகிற இடம் வேறு என்று லீடர் சொன்னாள். பேசும்போது அது பழகுவதில்லை. யாராவது அந்தத் தப்பை எடுத்து, லேபிள் போட்டு, பழக்குகிற இடத்தில் மறுபடி சேர்த்தால்தான் மாறும். மன்னிப்பும் வார்த்தைதான். அந்த இடத்தில் அந்த வார்த்தை வரும், அதனால் வந்தது.

ஏன் அப்படிப் பதில் சொன்னது என்றும் லீடர் விசாரித்தாள். அதுக்குக் கொடுத்த விவசாயப் பேச்சில் முக்கால்வாசி தண்ணி பாய்கிற ஊர்ப் பேச்சு. அங்கே சோளம் வாடுவதில்லை, பசேலென்று வளரும், அறுத்துப் போடலாம். வானம் பார்த்த பூமிப் பேச்சு அதுக்குள் குறைவு. டேட்டா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் பதிலும் அந்தப் பக்கமே சாயும். பலகையில் பயாஸ் என்று எழுதியிருப்பார்களே, இதுதான். அந்தச் சாய்வை நிமிர்த்தத்தான் எங்களை அங்கே உட்கார வைத்தது. நாங்களும் சேர்ந்து சாய்ந்துவிட்டோம்.

மூன்று பேர் கேட்டால் தப்பு தப்பாது என்று சொல்வார்கள். நாங்கள் மூன்று பேரும் ஒரே மண். ஒருத்திக்குத் தோன்றாதது மற்ற இருவருக்கும் தோன்றவில்லை.

லீடர் மேலே பேசி, அதுவரை அனுப்பினதை நிறுத்தி வைக்கச் சொன்னாள். எந்தெந்தப் பதில் தப்பு, பட்டியல் கொடுங்கள் என்று கேட்டார்கள். தெரியாது, எல்லாத்தையும் திரும்பக் கேட்கணும் என்றாள். அவளுக்கு அப்போது வேலை போனாலும் போயிருக்கும். அந்தப் பேச்சை நாங்கள் கதவுக்கு வெளியே நின்று கேட்டோம். கடைசியில் சரி என்றார்கள்.

திரும்பக் கேட்டோம். அய்யோ, அந்த அலுப்பு. பச்சை போட்ட ஒவ்வொன்றையும் மறுபடி கேட்டோம். இந்த முறை அக்கா ஒன்று சொல்லிக் கொடுத்தாக. "கேக்குறது நீயின்னு நெனைக்காத. திருப்பூர்லயிருந்து வந்து எறங்குன மனுசன் கேக்குறான்னு நெனச்சுக் கேளு." அப்படிக் கேட்டால் நல்லது என்று நினைத்த எத்தனையோ பதில் ஓட்டையாக இருந்தது. காய்ச்சலுக்கு, பூச்சி மருந்துக்கு, கிணற்றுத் தண்ணிக்கு. எல்லாம் இனிமையாக, மரியாதையாக, ஓட்டையாக.

மாரீஸ்வரி திரும்ப வேலைக்கு வருவாளோ மாட்டாளோ என்று நினைத்தோம். கொஞ்ச நாள் கழித்து வந்தாள். அவரு திருப்பூருக்குப் போறேன்னு பெட்டியெடுத்துட்டாக பெரியம்மா, சினை மாடு ஈனுற வரைக்கும் இருங்கன்னு கையப் பிடிச்சுக் கேட்டுருக்கேன் என்றாள். அதுக்கு மேல் நானும் கேட்கவில்லை.

பல மாசம் கழித்து அந்தக் கேள்வி திரும்ப வந்தது. பதில் மாறியிருந்தது. மழை பெய்ததா, கதிர் வாங்கிவிட்டதா, பயிர் வாடியிருக்கிறதா என்று கேட்டது. வாடியிருந்தால் போடாதீர்கள் என்றது. தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள் என்றும் கடைசியில் சொன்னது. எல்லோரும் மாரீஸ்வரியைத்தான் பார்த்தோம். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு மஞ்சள் அமுக்கினாள்.

"ஏண்டி, இப்பச் சரியாத்தான சொல்லுது?" என்றேன்.

"சரிதான் பெரியம்மா. மாடு கீழ விழுந்தபெறகு போன் போடுறவன் இம்புட்டையும் கேட்டுக்கிட்டு நிப்பானா? டாக்டரக் கூப்பிடுங்கிறத மொதல்ல சொல்லணும்."

அக்கா தன்னுடையதையும் மஞ்சளாக மாற்றப் போனாக. மாரீஸ்வரி கையைத் தடுத்துவிட்டாள். "எனக்காக மாத்தாதீக. உங்களுக்கு என்ன தோணுதோ அதப் போடுங்க."

சினை மாடு கிடேரிக் கன்று போட்டது. அவர் ஊரில்தான் இருக்கிறார். சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனதும், இன்னைக்கு எதுக்குச் சிவப்புப் போட்ட என்றுதான் முதலில் கேட்பாராம். ஒன்றுக்கும் போடவில்லை என்றால், நல்லாக் கேட்டியா என்பாராம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மாடல், ட்ரெயினிங் பற்றி நான் எழுதினது சரியா என்று லீடர் பார்க்கட்டும். சோளத்து விஷம் பற்றி மாட்டு டாக்டர் யாரிடமாவது ஒருதரம் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கேள்வி முன்னால் வந்தது, யார் என்ன சொன்னது என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. இதை எல்லோருக்கும் வாசிக்கும் முன்னால் மாரீஸ்வரியிடம் கொடுங்கள். அவள் வீட்டு மாடு, அவள் வீட்டுக்காரர் சொன்ன சொல். நான் தப்பாக எழுதியிருந்தால் அவள் கோடு போட்டு அடிக்கட்டும். பெரியம்மா எழுதினது என்று பார்த்து விட்டுவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.